இரண்டு தட்டு

ஒரு குளத்தில் தவளை பாடும், சில்வண்டு சுதி சேர்க்கும், மரங்கொத்தி தாளம் போடும். மரங்கொத்தி மரத்தில் "டொக் டொக்" என்று இரண்டு தட்டு தட்டினால்தான் தவளை வாயைத் திறக்கும். அந்த மழைக்காலம் முழுக்க இந்த மூவர் பாட்டென்றால் காட்டுக்கே கிறுக்குப் பிடித்தது.

ஒருநாள் மேடையறிவிப்புச் செய்த மைனா, "அடுத்து, தவளையும் குழுவினரும்!" என்றது. கூட்டம் கத்தித் தீர்த்தது. தவளை அதைத் திருத்தவில்லை. தொண்டையை இன்னும் கொஞ்சம் உப்பிக்கொண்டது.

கச்சேரி முடிந்ததும் மரங்கொத்தி கேட்டது: "குழுவினர்னா நாங்களாப்பா?"

"மைனா தெரியாம சொல்லிடுச்சு, விடு," என்றது தவளை.

"அதுக்குத் தெரியாது, சரி. உனக்குத் தெரியும்ல?"

மறுநாள் மரங்கொத்தி வரவில்லை. சில்வண்டும் வேறு புதர் பார்த்துக்கொண்டது.

இப்போது தவளை தனியாகத்தான் பாடுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் வாயை மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறது. "பாட்டு மறந்துபோச்சு போல," என்று நண்டுகள் சிரிக்கின்றன.

நேற்று அக்கரையிலிருந்து "டொக் டொக்" என்று கேட்டது. மரங்கொத்தி புழுவுக்காகத் தட்டுகிறது என்று தவளைக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் பாட ஆரம்பித்துவிட்டது.