ஃப்ரீசர் கதவில் ஐந்தாவது பெயர்

சிதம்பரத்தில் கரண்ட் போய் முக்கால் மணி நேரமாகிறது. மொட்டை வெயில் நேரம். ஜெனரேட்டரும் இன்னும் பிடிக்கவில்லை. ஆய்வுக்கூடத்து மூலையில் ஆளுயர ஃப்ரீசர் விடாமல் கீச்சிடுகிறது. மைனஸ் எண்பதில் நிற்க வேண்டிய சிவப்பு எண் மைனஸ் எழுபத்தொன்றுக்கு வந்துவிட்டது. காட்டுமன்னார்கோயில், கம்மாபுரம் பக்கத்துப் பெண்கள் நானூறு பேரிடம் எடுத்த கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய் வைரஸ் ஆய்வுக்கான மாதிரிகள் உள்ளே இருக்கின்றன. துறைத்தலைவர் புஷ்பவள்ளிக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உள்ளே என்ன கதியோ என்று கைப்பிடியைப் பற்றிவிடுகிறாள். "மேடம், தொறக்காதீங்க! இருக்குற குளிரும் போயிடும்," என்று அதட்டுகிறாள் வெண்மதி, மூன்று மாதம் முன்பு புஷ்பவள்ளி கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்த உதவிப் பேராசிரியர். அவளுக்குப் பெங்களூரிலிருந்து வேலைக் கடிதம் வந்திருப்பது புஷ்பவள்ளிக்குத் தெரியும். கேட்கத்தான் வாய் வரவில்லை.

கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஃப்ரீசர் கீச்சிட்டால் யாருக்குப் போன் செய்வது என்ற பட்டியல். வந்து, பழகி, வேறிடம் போன நான்கு இளம் ஆசிரியர்களின் பெயர்களும் அதில் பேனாவால் அடிக்கப்பட்டுக் கிடக்கின்றன. "உன் நம்பரயும் எழுதிடேம்மா," என்று மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டுகிறாள் புஷ்பவள்ளி. வெண்மதி அந்தப் பெயர்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெளியே ஜெனரேட்டர் இருமி இருமிப் பிடிக்கிறது. கீச்சொலி அடங்குகிறது. வெண்மதி பேனாவை வாங்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஐந்தாவதாகத் தன் பெயரை எழுதுகிறாள். புஷ்பவள்ளி பேனாவை இன்னும் மூடவில்லை.