கோப்பிக்குக் கூட்டாளிகள்

“தங்கச்சி, நாயக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோங்கலா!”

ரொட்டிக் கல்லடியிலிருந்து குரல் கொடுத்தார் ஒட்டுக்கடை அப்துல் மஜீத். இந்த வாரத்தில் இது நாலாவது தடவை.

எதிர்த் திடலில் குட்டியோடு நின்ற நீலாவதிக்குச் சுருக்கென்றது.

“தூரமாத்தானே நிக்கிறோம் பாய்?”

“வெளியில மேசை போட்டிருக்கேன்மா. மலாய்க்காரங்க வந்து சாப்பிடுற கடை. மழை வேற பேஞ்சு எல்லாம் ஈரம். நாய் வந்து உரசிச்சுன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க.”

பத்தடி நகர்ந்தாள். மனசுக்குள் மட்டும் பாயை ஒரு பிடி பிடித்தாள்.

அவளுக்கு வேறு இடமும் இல்லை. மம்பாவ் பக்கத்து அந்தத் தோட்டத்தில் யாரும் நாயைக் கட்டிப்போடுவதில்லை. தொழிலாளர் லயத்து நாய்கள் ஏழும் சாயங்காலமானால் பாய் கடைக்கு எதிர்த் திடலில்தான் கூடும். அவற்றோடு சேராத நாய்க்கு அங்கே வாழ்வு கிடையாது. அவள் வளர்க்கும் கோப்பியோ, டவுனில் பிறந்த ஐந்து மாதக் குட்டி. இன்னொரு நாயைக் கண்டாலே வாலைச் சுருட்டிக்கொண்டு அவள் காலுக்குள் புகுந்து, அங்கிருந்து கீச்சுக் கீச்சென்று குரைக்கும். வம்பை விலைக்கு வாங்க அது போதாதா?

“மாசக் கடைசிக்குள்ள மத்த நாய்ங்களோட சேரலன்னா, அம்பாங்கான்ல என் கூட்டாளி வீட்டுல விட்டுருவேன்” என்று புருஷன் தர்மராஜ் சொல்லிவிட்டான். “சங்கிலியில கட்டித்தான் போடுவான். என்ன செய்ய? இதுங்க கடிச்சுக் கொல்றதுக்கு அது தேவலலா.”

மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்.

நீலாவதியா விடுவாள்? மந்தின் டவுன் நாய் டாக்டரிடம் ஊசியெல்லாம் போட்டு முடித்து, வழியும் கேட்டு வந்துவிட்டாள். தூரத்தில் நிறுத்திப் பார்க்க விடணும். குரைக்காமல் பார்த்தால் ஒரு துண்டு அவித்த கோழி. மறுநாள் இரண்டு எட்டு முன்னால். கயிற்றை மட்டும் இழுக்கவே கூடாது.

வேலை முடிந்து வந்து குளிக்கக்கூட மாட்டாள். கோப்பியோடு நேரே திடலுக்குத்தான். நேற்று ராக்கம்மா வீட்டுக் கருப்பு நாய் வந்து கோப்பியை முன்னும் பின்னும் மோந்து பார்த்தது. கோப்பி நடுங்காமல் நின்றது. பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி, அதை மூன்று தடவை தர்மராஜிடம் சொல்லிவிட்டாள்.

இன்றும் அரை மணி நேரம் நன்றாகவே போனது. கருப்பு நாய் வாலை ஆட்டியது, கோப்பியும் ஆட்டியது.

அந்தச் சந்தோஷத்தில் புருஷனுக்கு நாலு ரொட்டி வாங்கிப் போகலாம் என்று நினைத்தாள். கோப்பியை மோட்டர் சைக்கிளில் கட்டினாள். மிச்சக் கோழித் துண்டுகள் இருந்த பையை ஹேண்டிலில் மாட்டினாள். கல்லாவில் இருந்த பாயின் மனைவி பரீதாவிடம் ரொட்டிக்குச் சொல்லிவிட்டு, விரலில் இருந்த கோழிப் பிசுக்கைக் கழுவக் கடைக்குப் பின்னால் போனாள்.

சவர்க்காரம் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே உறுமல். பிறகு கோப்பியின் அலறல்.

ஓடி வந்தாள்.

பை கிழிந்து கிடந்தது. நாய்கள் திடலின் நடுவில் கோழிக்கு அடித்துக்கொண்டிருந்தன. கோப்பி மோட்டர் சீட்டின் மேல் நின்று வெடவெடவென்று நடுங்கியது.

பாய் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கடை ஓரத்துப் பைப்படியில் குந்தி, செம்மண்ணைக் கரைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த கையைத் தண்ணீரில் அலசி, மறுபடியும் அலசி, வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நாயின் ஈரம் பட்டால் மண் தண்ணீரில் ஒரு தடவை, நல்ல தண்ணீரில் ஆறு தடவை கழுவுவது அவர்கள் வழக்கம். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

நீலாவதிக்குத் தலைக்கேறியது. கோப்பியை வாரி அணைத்துக்கொண்டு கத்தினாள்.

“ஒரு உசுரு இங்க அலறிக்கிட்டுக் கெடக்கு, நீங்க கை கழுவிக்கிட்டு இருக்கீங்களா பாய்? மேல பட்டுருச்சா? அவ்வளவு அருவருப்பா?”

பாய் தலை நிமிரவில்லை. “காதுல ரெத்தம் வருதா பாருங்க தங்கச்சி.”

“எனக்குப் பார்க்கத் தெரியும்! இனிமே இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன். நீங்க நிம்மதியா இருங்க!”

கயிற்றை அவிழ்க்கப் போனாள். இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை.

அதற்குள் பரீதா, பாய் மாற்றிக் கட்ட ஒரு காய்ந்த கைலியோடு ஓடி வந்தாள். நீலாவதியைப் பார்க்காமல் புருஷனிடம்தான் படபடத்தாள்.

“கடி எதுவும் படலியே? நாலு நாயி மேல விழுந்து புடுங்குது, அதுக்கு நடுவுல வெறுங்கைய விட்டா குட்டியத் தூக்குவீங்க? கண்ணால பார்த்த எனக்கு உசுரே இல்ல!”

முடிச்சைப் பிடித்திருந்த நீலாவதியின் கை அப்படியே நின்றது.

“பாய்… நான்…”

அவர் கடைசித் தண்ணீரை ஊற்றி எழுந்தார். 

“அத விடுங்க. இந்தப் பயத்தோடயே வீட்டுல வச்சுட்டீங்கன்னா, அப்புறம் எந்த நாய்கூடயும் சேராது. நாளைக்கும் கூட்டியாங்க.”

“மறுபடியும் அந்த நாய்ங்க பாஞ்சிருச்சுங்கன்னா?”

“பாஞ்சா என்னம்மா? நம்ம தோட்டத்துல மண்ணுக்கா பஞ்சம்?”