ஞாயிற்றுக்கிழமைக்கான சார்ஜ்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொன்னவன் நாக்கு அழுகிப் போகட்டும். இந்த வயதில் அதை வைத்துக்கொண்டு அவன் இனி என்ன சாதிக்கப் போகிறான்?

ரிமோட் ரேஸ் கார் கடையின் கண்ணாடி மேசைமேல் ஒரு பெட்டியை வைத்தாள், செத்துப்போன பஸ் டிரைவரின் மனைவி.

உள்ளே அவருடைய கார். கீறலை வைத்தே கடைக்காரருக்கு அடையாளம் தெரிந்தது.

டிரைவர் வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிற வேகத்தில், சைக்கிள்காரன் முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்தால் ஆளே வேறு. ஒருமுறை அவர் கார் சுற்றி வந்த வேகத்தில் தன் பின்பக்கத்திலேயே போய் முட்டியது. இன்னொரு முறை, கொடி அசைப்பவர் கையைத் தூக்குவதற்குள் பந்தயம் முடிந்துவிட, பாவம், தூக்கிய கையால் அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

அதுவும் வெறும் இரண்டு செல் பேட்டரியில்.

அவர் தலையில் மூன்று செல் பேட்டரியைக் கட்டிவிட வருடக்கணக்கில் முயன்று தோற்றவர் கடைக்காரர். மூன்று செல் என்றால் நேர்ப்பாதையில் பிய்த்துக்கொண்டு போகும். வளைவு வந்ததும் கவிழ்ந்து, நாலு சக்கரத்தையும் வானத்துக்குக் காட்டும்.

"கவுந்து கிடக்கிறதுக்கு எதுக்குண்ணே அவ்ளோ அவசரம்?" என்பார் டிரைவர்.

அவர் மனைவி பேட்டரியை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள். விற்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, கடைக்காரர் ஒரு நல்ல விலை சொல்ல வாயெடுத்தார்.

"இதுல சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா. அது போதும்."

கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வந்த விலையை விழுங்கிக்கொண்டார்.

இந்த வகைப் பேட்டரி ரொம்பச் செல்லம். வயிறு முட்ட வைத்து நாட்கணக்கில் சும்மா போட்டால் உப்பிப் போகும். பட்டினி போட்டால் செத்துப் போகும். அதனால் பந்தயம் உண்டென்றால் முழு சார்ஜ், இல்லையென்றால் பாதி. வைத்தது வைத்தபடி மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

மழை வாரமா, பாதி. வெளியூர்ப் பயணமா, பாதி. டிரைவர் பல் விளக்க மறந்திருக்கிறார், இதை மறந்ததில்லை. மாமியார் கடைசி மூச்சில் இருக்கிறாள் என்று போன் வந்தபோதுகூட, மனைவியை வாசலில் நிற்க வைத்துவிட்டு உள்ளே போய், பேட்டரியைப் பாதிக்குக் கொண்டுவந்த பிறகுதான் செருப்பைப் போட்டார். அன்றைக்கு அவள் திட்டிய திட்டில் அந்தத் தெருவே புதுச்சொற்கள் கற்றுக்கொண்டது.

போன மாதம், நெஞ்சில் சின்னதாக ஒரு டெஸ்ட் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சனிக்கிழமை வந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இருக்கிறது என்றார்.

வரவில்லை.

கிளம்பும் முன் சார்ஜர் மேசையருகே வெகுநேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். அதை மட்டும் அவள் பார்த்திருந்தாள்.

"அப்புறம் நான் துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன். போயிட்டு வர்றேன்னாரு. ம்னேன். நான் திரும்பிக்கூடப் பார்க்கல." அவள் பேட்டரியை விரலால் தள்ளி வைத்தாள். "வந்துடுவோம்னு நெனச்சுப் போனாரா, தெரிஞ்சே போனாரா? அது தெரியாம என்னால ஒரு வாய் சாப்பிட முடியலண்ணா."

கடைக்காரர் மீட்டரை எடுத்தார். ஒயரைச் செருகினார்.

எண்கள் எரிந்தன. அவள் பக்கம் தெரிந்தது மீட்டரின் முதுகு.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"ஃபுல்லும்மா," என்றார். "சொட்டுக் குறையாம ஃபுல்லு. ஞாயித்துக்கிழமை எங்க எல்லாரையும் மண்ணக் கவ்வ வைக்கணும்னு ஏத்தி வெச்சிட்டுத்தான் போயிருக்கான், படவா."

அவள் முதலில் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். கண்ணாடி மேசையில் விழுந்ததைத் தானே முந்தானையால் துடைத்துவிட்டாள், கடை அழுக்காகக் கூடாதென்று.

"அப்போ வர்ற ஞாயித்துக்கிழமை நீங்களே இதை ஓட்டுங்கண்ணா. அவரு ஏத்தி வெச்ச சார்ஜுலயே ஓடட்டும். நான் வந்து பார்க்கிறேன்."

இத்தனை வருடத்தில் ஒரு பந்தயத்துக்கும் வராதவள்.

"மூணு செல் போடட்டுமா? பறக்கும்."

"கவுந்துடும்," என்றாள், அச்சு அசல் அவரைப் போலவே.

வந்தபோது இருந்ததைவிட நிமிர்ந்து நடந்து போனாள். அவள் தெருமுனை திரும்பும் வரை கடைக்காரர் வாசலில் நின்றார். பிறகு கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, பேட்டரியைச் சார்ஜரில் மாட்டினார்.

அது பாதியிலிருந்து ஏறத் தொடங்கியது.