திருவாடானை ரோட்டுச் சத்தம்

கண்மாய்க் கரையில் ஏறியதும் காருக்கு அடியிலிருந்து 'டொக்' என்றது.

"ஏலே சேது, வண்டியத் திருப்பு. சகுனம் சரியில்ல" என்றார் அவனைப் பெற்ற அய்யா மலையாண்டி, பழத்தட்டை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

சேதுராமன் திருப்பவில்லை, நிறுத்தினான். பெண் பார்க்கக் கிளம்பி, இதே சத்தத்துக்குப் பயந்து இரண்டு முறை அய்யா பாதி வழியில் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். இன்றைக்கும் வராவிட்டால் பெண்ணை வேறு இடத்தில் பேசி முடித்துவிடுவோம் என்று திருவாடானைக்காரர்கள் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் அது நல்ல கார். திருப்புல்லாணிக்குப் போனால் சத்தம் போடாது. ராமநாதபுரம் சந்தைக்குப் போனால் போடாது. பட்டறைக்குக் கொண்டுபோனால் புதுப்பெண் மாதிரி வாயே திறக்காது. பெண் பார்க்கக் கிளம்பினால்தான் அதற்கு வயிற்றைக் கலக்கும்.

அதனால்தான் இந்தத் தடவை மெக்கானிக் மதாரையும் கையோடு கூட்டி வந்திருந்தான். சலவை வேட்டிகளுக்கு நடுவே கிரீஸ் லுங்கியோடு அவர் ஒருத்தர்.

மதாரின் வைத்தியமே தனி. சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிய, பாரத்தை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு ஓட்டச் சொல்வார்.

மலையாண்டி இறங்கினார். டொக்.

அவர் தங்கை உலகம்மாள், அதாவது சேதுராமனின் அத்தை, முனகிக்கொண்டே இறங்கினாள். டொக்.

தேங்காய்தான் உருளுகிறதோ என்று அய்யாவுக்குச் சந்தேகம். தேங்காய், பழம், பூ, வெற்றிலை எல்லாம் இறங்கிக் கண்மாய்க் கரையில் வரிசையாக உட்கார்ந்தன. அப்போதும் டொக்.

கடைசியில் மதாரே டிக்கிக்குள் படுத்துக் காதைத் தகரத்தில் வைத்தார். ஆள் நெட்டை. இரண்டு கால்களும் வெளியே தொங்கின. எதிரே வந்த ராமேஸ்வரத்து யாத்திரை பஸ் மரியாதையாக ஓரம் கட்டியது. ஜன்னலோரம் இருந்தவர்கள் அந்தக் கால்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"பின்னாடி! இடது பக்கம்!" என்று டிக்கியிலிருந்து குரல் வந்தது. பஸ் ஜன்னல்கள் சடசடவென்று மூடிக்கொண்டன.

மதார் காருக்கு அடியில் புகுந்தார். சேதுராமன் அத்தையைப் பார்க்கச் சங்கடப்பட்டு, சக்கரத்தைப் பார்த்தபடி நின்றான்.

முறைப்படி அவன் கட்ட வேண்டியது அத்தை மகள் பூமயிலைத்தான். அவன் ஆசையும் அதுதான். மாசியில் பம்புசெட்டுக்கே போய் நேரில் கேட்டுப் பார்த்தான். இஞ்சின் நட்டை முறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை. "சோலியப் பாருங்க மச்சான்" என்றாள், அவ்வளவுதான்.

அந்த வீம்பில்தான் திருவாடானைக்குத் தலையாட்டினான். இன்று காலை கார் கிளம்பும்போதும் அவள் களத்தில் காய்ந்த முண்டு மிளகாயைத் தன்னந்தனியாகக் கிளறிக்கொண்டிருந்தாள். கார் ராத்திரியெல்லாம் நின்றதும் அதே களத்து வேப்பமரத்தடியில்தான். இருந்தும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"ஷாக் அப்சார்பர் நட்டு கழண்டு தொங்குது தம்பி!" என்று மதார் அடியிலிருந்து கத்தினார். "நேத்துத்தான என் கையால முறுக்குனேன்! யானை இழுத்தாலும் அசையாதே!"

நட்டைக் கழற்றி லுங்கியில் துடைத்து, பழக்க தோஷத்தில் உதட்டில் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் போல்ட்டை நேராக்கினார்.

அடுத்த நொடி ஓர் அலறல். மதார் உருண்டு வெளியே வந்தார். உதடுகள் சிவந்து தடித்திருந்தன, கண்ணில் நீர் கொட்டியது. "யா ரப்பே! நட்டு உறைக்குது!" என்று கண்மாய்க் கரையில் குதித்தார்.

அத்தை அவசரமாகத் தாம்பூலத்துப் பழத்தை உரித்து அவர் வாயில் திணித்தாள். மலையாண்டிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூனை குறுக்கே போவது, ஒற்றைத் தும்மல் எல்லாம் அவருக்குத் தெரியும். நட்டு உறைப்பது எந்தச் சகுனத்தில் சேர்த்தி என்று மட்டும் விளங்கவில்லை.

சேதுராமன் கீழே கிடந்த நட்டை எடுத்து முகர்ந்தான். நுனிநாக்கில் வைத்தான். சுரீர் என்று ஏறியது. முண்டு மிளகாய்.

மிளகாயும் ஸ்பேனரும் ஒரே கையில் புழங்குகிற ஆள் அவர்கள் ஊரில் ஒருத்திதான்.

சந்தைக்குப் போன நாளிலெல்லாம் இந்த நட்டு இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது. கழற்றியவளே, அவன் மற்ற இடங்களுக்குப் பத்திரமாகப் போய்வரட்டும் என்று திரும்ப முறுக்கியும் வைத்திருக்கிறாள்.

அவனுக்குக் கண் கலங்கியது. எல்லாம் உறைப்பினால் இல்லை.

மதார் வாயில் பழத்தோடு கையை நீட்டினார். "குடுங்க தம்பி. ஒரு முறுக்கு முறுக்குனா திருவாடானைக்கு வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்."

சேதுராமன் நட்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

"நீங்க சொன்னதுதான் சரி அய்யா" என்றான். வார்த்தை குழறியது, கண்ணில் நீர் வழிந்தது. "சகுனம் சரியில்ல. திரும்பிருவோம்."

பழத்தட்டும் பூவும் ஆட்களும் மறுபடி ஏறினார்கள். நட்டை மாட்டாமலே, பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்துக் காரை மெதுவாக ஓட்டினான். டொக், டொக் என்று அது ஊரை நோக்கிப் போயிற்று.

களத்தில் நிற்கிறவளுக்குத் தூரத்திலேயே கேட்க வேண்டும்.