படையல் ரொட்டி

சன்னலோரம் நான், எதிரே மொழிபெயர்ப்பாளர் அருளப்பன். எங்களுக்கு நடுவே ஒரு காலி நாற்காலி. பொலிவியச் சுரங்கத்தில் வேலை பார்த்துக் காணாமல் போன என் அண்ணன் வழக்கமாகச் சாப்பிட்ட உணவகம் அது. அவர் உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் எழுதச் சொல்லியிருந்தார் அண்ணி. இறந்தவர்கள் சாப்பிட வருவதாக அந்த ஊரார் நம்பும் இரண்டு நாட்களில் அன்று இரண்டாவது நாள். கடைக்கார அம்மாள் எங்களுக்கு நிலக்கடலை சூப் ஊற்றிவிட்டு, முகம் பதித்த படையல் ரொட்டி ஒன்றைக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார். ரொட்டியின் இடது புருவத்தில் அண்ணனின் தழும்பு இருந்தது.

“இதை யாரு செய்யச் சொன்னாங்கன்னு கேளுங்க சார்.”

கேட்டுவிட்டு அருளப்பன் கரண்டியைக் கீழே வைத்தார். “நேத்து அவரே வந்து, முகத்தைக் காட்டிச் சொல்லிட்டுப் போனாராம், தம்பி.”

‘அண்ணன் நேற்று இங்கே வந்திருக்கிறார்’ என்று எழுதி, உறையை ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.