சிவப்பு வண்டி கிளம்பவில்லை

ஷெட்டிலிருந்து செல்ஃப் அடிக்கும் சத்தம் இழுத்து இழுத்துக் கேட்டது. சமையலறையில் அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடத்தில் அவள் வேண்டிக்கொள்ளாத தெய்வமில்லை.

சத்தம் இருமி, முனகி, அடங்கிப்போனது. அவளுடைய வேண்டுதல் பலித்துவிட்டது. இன்றைக்கும் வண்டி கிளம்பவில்லை.

கணவர் கிரீஸ் கையோடு வந்து நாற்காலியில் சரிந்தார். "இதுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்?" என்றார். என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது அவளுடைய ஊசிநூல் டப்பாவில், பட்டன்களுக்கு அடியில் கிடந்தது.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. யார் வீட்டுக் கொல்லையிலோ தார்ப்பாய்க்கு அடியில் மக்கிக் கிடந்ததை அவர் வாங்கி வந்தபோது பாதி துரு, மீதி எலி. அவரே தகடு வெட்டி ஒட்டினார், பட்டி பார்த்தார், தேய்த்துத் தேய்த்துச் சிவப்பு பெயின்ட் அடித்தார். கிளம்புகிற அன்றைக்கே பக்கத்தில் உட்காரவைத்து மலை ரோட்டில் ஒரு சுற்று கூட்டிப்போவதாக மகளுக்கு வாக்கும் கொடுத்திருந்தார்.

என்ஜினைக் கோக்கும்போது டார்ச் பிடிக்க மனைவியைத்தான் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லிப் பாடம் எடுத்தார். கட்டைவிரல் அளவு ரோட்டரைக் காட்டி, இது இல்லாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் போகாது, வண்டி வெறும் பெட்டிதான் என்று சொன்னவரும் அவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் வலிப்பு வந்தது. குளியலறை வாசலில் நின்றபடியே விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. இன்னொரு முறையும் வந்தபோது, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டியவர், வீடு திரும்பும் வழியில், அந்த ஆளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்றார். மகள் காதுக்கு விஷயம் போகக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்று மதியம் அவர் கண் அயர்ந்ததும் அவள் ஷெட்டுக்குப் போனாள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டரை உருவி எடுத்துக்கொண்டு, மூடியைப் பழையபடி மாட்டிவிட்டு வந்தாள்.

அதிலிருந்து அவர் பிளக்கைக் கழற்றித் துடைக்கிறார், காயிலை மாற்றுகிறார், கார்புரேட்டரைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து ஊதுகிறார். அந்த மூடிப் பக்கம் மட்டும் அவர் கை போகவேயில்லை. ஏதோ தன் நல்ல நேரம் என்று அவள் நினைத்துக்கொண்டாலும், அதையும் திறந்து பார்த்து வேறு ரோட்டர் போட்டிருப்பாரோ என்று ஒவ்வொரு தடவை செல்ஃப் அடிக்கும்போதும் பயந்தாள். ஒருநாள் தெருமுனைப் பட்டறைக்காரர், தானே வந்து பார்ப்பதாகச் சொன்னபோது அவளுக்கு நெஞ்சு படபடத்தது. நல்லவேளை, தன் வண்டியில் வேறு ஆள் கை படக்கூடாது என்று கணவரே அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

ஆனால் ஆள் கரைந்துகொண்டே வந்தார். போன ஞாயிறு மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகனுக்கு வாய் சும்மா இருக்காது. "மாமா, பேசாம இதுல மண்ணைக் கொட்டி ரோஜாச் செடி வெச்சிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் கைவைக்கவே இல்லை.

அவர்கள் போன பிறகு அவள் ஷெட்டை எட்டிப் பார்த்தாள். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தார்.

உயிரைக் காப்பாற்றுகிறேன் என்று மனுஷனை உள்ளுக்குள் கொன்றுகொண்டிருக்கிறேனோ என்று வாரம் முழுக்க மருகினாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மருமகன் காதில் அந்தச் சத்தம் ஒரே ஒரு தடவை விழட்டும், கணவரும் தலைநிமிரட்டும். அதற்குப் பிறகு சாவியை எடுத்து ஒளித்துவைத்துக்கொள்ளலாம்.

இந்த ஞாயிறு காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், ரோட்டர் தன் இடத்துக்குத் திரும்பிப் போனது.

மகள் வந்ததும் வராததுமாக அப்பாவை ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் வண்டியில் உட்கார்ந்து, மருமகனிடம் ஏதோ பேசிக்கொண்டே, பார்க்காமலேயே சாவியைத் திருப்பினார்.

வண்டி ஒரே உறுமலில் உயிர்பிடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மருமகன் விசிலடித்தார். மகள் சட்டென்று ஏறிப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்காமலிருக்கத் தலையில் துணியைக் கட்டிக்கொண்டாள்.

"சொன்ன வாக்கை மறந்துடாதீங்கப்பா. நேரா மலை ரோடுதான்."

வாசலில் நின்றவளுக்குப் பகீரென்றது. சாவியைப் பற்றி யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. தவித்துப்போய்க் கணவரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாள் காத்திருந்த சத்தம் கேட்டவரின் முகத்தில் பொட்டு ரத்தமில்லை.

கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டு அவர் இறங்கினார். மனைவியிடம் வந்து அவள் கையைப் பிடித்தார். என்ஜின் சத்தத்துக்கு அடியில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்:

"அதை ஏம்மா திருப்பி மாட்டுன?"