துவக்க வரி

“ஒரே ஒரு மணி நேரம் பொறுத்துக்குங்க அண்ணி. உங்க மேல விழுந்த பழியை இன்னிக்கே துடைச்சிடறேன்” என்றபடி நாத்தனார் சுவாசக் கருவியின் பின்மூடியைக் கழற்றினாள்.

அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மாமனார் இறந்து நாற்பது நாளாகிறது. புருஷன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நாலு வயதுப் பெண்ணைத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

“அப்பாவுக்கு மூச்சுத் திணறினா மெஷின் ஊரைக் கூட்டற மாதிரி அலறும். அதுகூடக் கேட்காம மட்டமத்தியானத்துல தூங்கியிருக்கா” என்று துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

“நான் தூங்கல. அடுப்படியிலதான் இருந்தேன். சத்தமே வரல” என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. நாத்தனார் ஒருத்திதான் நம்பினாள். அந்தக் கருவியைச் செய்யும் கம்பெனியிலேயே மென்பொருள் எழுதுகிறவள் அவள்.

“நாலு வருஷம் அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினவங்க நீங்க. பெத்த பொண்ணு நான் என்ன கிழிச்சேன்? கடையில மெஷின் வர பத்து நாள் ஆகும்னாங்க. என் மேஜையில சோதனைக்குக் கிடந்ததைத் தூக்கிட்டு வந்து வச்சேன், அவ்வளவுதான். ஒன்பதாம் நாளே போயிட்டாரு.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மடிக்கணினியைக் கருவியோடு கம்பியால் இணைத்தாள்.

“இதுக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு அண்ணி, மெஷினோட மூளை மாதிரி. ஆன் பண்ணினதும் அதோட காதுல ஒரு வரி ஓதுவோம், எதை ஓட்டணும், எதை விடணும்னு. அது எந்த வரியைக் கேட்டு எழுந்துச்சுன்னு அப்புறம் வெளிய தெரியாது. தெரியற மாதிரி இப்ப ஒரு ஜன்னல் வச்சிருக்கேன். பழுது எங்கன்னு கண்ணுல பட்டுடும்.”

அண்ணிக்குப் பாதிதான் புரிந்தது. “மெஷின் மேல தப்புன்னு தெரிஞ்சா அவர் பாப்பாவைக் காட்டுவாரா?”

“காட்டறதா? வாசல்ல வந்து நின்னு உங்களைக் கூட்டிட்டுப் போவாரு. இருங்க, அவரையும் லைன்லயே வைக்கறேன்.” அண்ணனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சொல்லு, எனக்கு வேலை கிடக்கு” என்றான் அண்ணன். பின்னால் குழந்தை எதற்கோ சிணுங்குவது கேட்டது. அண்ணி சட்டென்று எழுந்து போனருகே வந்து நின்றாள்.

“அஞ்சே நிமிஷம்ணா.”

நாத்தனார் கருவியை அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. அவள் வைத்த ஜன்னலில் ஒரே ஒரு வரி, எட்டுச் சொற்கள். கடைசிச் சொல், அலாரத்தை அடக்கி வைக்கச் சொன்னது.

“கிடைச்சிருச்சா?” அண்ணி குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்து விளங்கவில்லை, நாத்தனாரின் முகம் மட்டும் விளங்கியது. “ஏதோ இருக்கு இல்ல? நான் சொன்னேன்ல, சத்தமே வரலன்னு!”

அது கம்பெனி வைத்த சொல் இல்லை. சோதனையின்போது கருவி ஓயாமல் அலறித் தலைவலி வந்ததும், ஒருநாளைக்கு இதன் வாயை அடைப்போம் என்று நாத்தனாரே தட்டிச் சேர்த்தது. மறுநாள் எடுத்துவிடலாம் என்றிருந்தாள். மறுநாள்தான் அப்பாவுக்குக் கருவி வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அந்த ஓட்டத்தில் அது அடியோடு மறந்துபோனது.

“என்ன, ஊமையாயிட்டியா?” என்றான் அண்ணன். “அப்பாவைக் கொன்னது யாருன்னு தெரிஞ்சுதா இல்லையா?”

அண்ணி அவள் தோளை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். “சொல்லும்மா. உன் வாயால அவர்கிட்டச் சொல்லு.”

நாத்தனார் இரண்டு மூன்று விசைகளைத் தட்டினாள். திரையில் ஏழு சொற்கள் மிஞ்சின. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“மெஷின் நல்லாத்தாண்ணா இருக்கு. அண்ணிதான் தூங்கியிருக்காங்க.”